மூன்று மிதி, பதினைந்து சுற்று

முதுகுவலிக்காரனைப் பார்த்தால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் நாக்கு அரிக்கும். காய்ச்சல்காரனிடம் "ஊசி போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். முதுகுவலி என்றால் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, உட்கார்ந்து வைத்தியம் சொல்வார்கள். எனக்கு ஒன்பது வருஷமாக வலி. இந்த ஒன்பது வருஷத்தில் எனக்கு வைத்தியம் சொல்லாதவர்கள் யார் என்று பார்த்தால், இன்னும் பேச்சு வராத கைக்குழந்தைகள் மட்டும்தான்.

தரையில் படு என்பான் ஒருவன். தரையில் படுத்ததால்தான் வந்தது என்பான் அடுத்தவன். உருளைக்கிழங்கைத் தொடாதே, வாயு. கொள்ளு தின்னு, கொழுப்பு கரையும். என் உடம்பில் கரைவதற்குக் கொழுப்பு எங்கே இருக்கிறது என்று அவன் பார்க்கவில்லை. என் மைத்துனன் சிங்கப்பூரிலிருந்து ஒரு பெல்ட்டும், முதுகில் வைத்தால் கிர்ரென்று அதிரும் ஒரு மெஷினும் அனுப்பினான். சித்திரை வெயிலில் அந்தப் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வாய்க்கால் கரையில் நடந்தேன். வலி போகவில்லை, இடுப்பைச் சுற்றி வேர்க்குரு வந்தது. மெஷின் அலமாரியில் இருக்கிறது. அதன்மேல் என் மனைவி வடாம் டப்பாவை வைத்திருக்கிறாள்.

நான் லஸ்கர். பட்டாளத்து லஸ்கர் இல்லை, வாய்க்கால் லஸ்கர். மதகைத் திறக்கிறவன், அடைக்கிறவன். மன்னார்குடியிலிருந்து கிழக்கே வரும் ஒரு கிளை வாய்க்கால் என் மதகில் இரண்டாகப் பிரிகிறது. இடது கை தலைமடைக்குப் போகும், அதாவது முதலில் தண்ணீர் காணும் வயல்களுக்கு. வலது கை பல மைல் ஓடிக் கடைமடைக்குப் போகும். மேட்டூரில் தண்ணீர் குறைந்த வருஷங்களில் முறை வைப்பார்கள். ஆறு நாள் அவர்களுக்கு, ஆறு நாள் இவர்களுக்கு. இடது ஷட்டரை அடைத்தால்தான் வலது பக்கம் தண்ணீர் ஏறும். ஷட்டர் முழுதாக இறங்க அறுபது சுற்று. அதைச் சுற்றும் இரும்புச் சாவி என் தொடை நீளம் இருக்கும். திருகில் கிரீஸ் போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று இலாகாவைக் கேட்டால், கிரீஸ் வாங்குவதற்கு ஒரு படிவம் இருக்கிறது என்பார்கள்.

வலி வந்தது ஓர் ஐப்பசி வெள்ளத்தில். ஆகாயத்தாமரை ஷட்டருக்கு அடியில் அடைத்துக்கொண்டது. கொக்கியைப் போட்டு இழுத்தேன். இடுப்பில் சுளீர் என்றது. சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஒரு வாரம் நினைத்தேன், ஒரு மாதம் நினைத்தேன். பிறகு நினைப்பதை விட்டுவிட்டேன்.

எலும்பு டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். டிஸ்க் நகர்ந்திருக்கிறது என்றார். அந்த ஒரு வார்த்தை போதும், ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. நகர்ந்தது என்றால் தள்ளி வைத்துவிடலாம் அல்லவா? ஸ்கேன் படத்தை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு வந்த அன்றைக்கு, பஸ் கண்டக்டர் அதை வாங்கி வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். டீ மாஸ்டர் பார்த்தார். "இதோ, இந்த எடம்" என்று விரல் வைத்தார். தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள் என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. டாக்டர் மட்டும் என்ன கிழித்துவிட்டார்? கனமான வேலை வேண்டாம், வேறு வேலை பாருங்கள் என்றார். ஐம்பதைத் தொடப்போகிறவனிடம் சட்டையை மாற்றச் சொல்வதுபோலச் சொன்னார். வலி மாத்திரை எழுதினார். அது வயிற்றைப் புண்ணாக்கியது. வயிற்றுக்கு ஒரு மாத்திரை எழுதினார்.

வேறு வேலை பார்க்க முடியாததற்கு ஒரே காரணம் அந்தச் சாவி. நான் விலகினாலும் படுத்தாலும் இலாகாவில் மாற்று ஆள் கிடையாது. காலியான இடத்தையே நிரப்பாதவர்கள் படுத்த இடத்தையா நிரப்பப் போகிறார்கள்? "பக்கத்துல யாரையாச்சும் சுத்தச் சொல்லுங்க" என்பார் ஆபீசர். மதகுக்குப் பக்கத்தில் இருப்பவர் ஒரே ஒருவர்தான், தலைமடைக்காரர். அவருடைய வயல்தான் இடது வாய்க்காலில் முதல் வயல். நான் படுக்கும்போதெல்லாம் அவருடைய ஆள் வந்து, "லஸ்கர் படுத்துக்கட்டும், நாங்க பாத்துக்குறோம்" என்று சாவியை வாங்கிப்போவான். முறை மாறும் நாளில் மட்டும் அவர்களுக்கு ஞாபகமறதி வந்துவிடும். இடது ஷட்டர் அப்படியே தூக்கிக்கொண்டு நிற்கும். கடைமடையில் மண் வெடிக்கும்.

தலைமடைக்காரரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருடைய அப்பாவிடம் என் அப்பா பண்ணையாளாக இருந்தார். என் அப்பா அவர்களை "ஐயா" என்பார், அதுவும் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. நான் பத்தாவது பாஸ் பண்ணி, சர்க்கார் வேலைக்கு வந்து, சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வீட்டு வழியாக நடந்த முதல் நாளிலிருந்து, "நீங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் அந்த ஒரு சொல் என் வாயிலிருந்து அவருக்குக் கிடைக்காது. இருபத்தெட்டு வருஷமாக நான் சேர்த்துவைத்த சொத்து என்று பார்த்தால் இதுதான்.

இப்போது அந்தக் கேவலத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. தலை முதலில் வராமல் கால் முதலில் வெளியே வந்து பிறந்தவர் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும். காலையில் வெறும் வயிற்றில், நிலைப்படிக்கு வெளியே குப்புறப் படுக்க வேண்டும். மூன்று மிதி. எம்.எஸ்ஸி. படித்தவன்கூட இதை நம்புவான், கேட்டால் "ஒரு மாதிரி பிசியோதெரபி" என்பான். எங்கள் சுற்றுவட்டாரத்தில் காலால் பிறந்தவர் ஒருவர்தான் இருந்தார். யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கடவுளுக்கு என்மேல் அப்படி ஒரு பிரியம்.

ஓர் ஆவணி மாதம். நாலு நாளாக எழுந்து நிற்க முடியவில்லை. தலைமடை முறையில் அன்று இரண்டாம் நாள், ஆறாம் நாள் முறை மாற்ற வேண்டும். போகலாமா என்று மனைவியைக் கேட்டேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"உங்க அப்பா அந்த வீட்டுல வாங்குன மிதி பத்தலையா? நீங்க வேற போய் வாங்கணுமா?"

வலிக்கு ரோஷம் கிடையாது. மறுநாள் காலை, பல்லைக் கடித்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனேன்.

அவர் மகிழ்ச்சியை மறைக்கவில்லை. "வாங்க லஸ்கர், வாங்க. ஒங்க இலாகால இதுக்கெல்லாம் மருந்து குடுக்க மாட்டாங்களா?" என்றார். காலைக் கழுவிக்கொண்டு வந்தார், அந்த நாகரிகம் இருந்தது. வாசலில் சாணம் தெளித்திருந்தது. அதில் துண்டை விரித்துக் குப்புறப் படுத்தேன். என் மூக்குக்கு நேரே ஓர் எறும்பு அரிசிக் குருணையை இழுத்துக்கொண்டு போயிற்று. முதல் மிதி மெதுவாக விழுந்தது. இரண்டாவதில் கொஞ்சம் எடை இருந்தது. மூன்றாவதை அவர் அனுபவித்து வைத்தார். குதிகாலைச் சரியாக அந்த இடத்தில் ஊன்றி, ஒரு திருகு திருகினார்.

வலியில் மனிதர்கள் "அம்மா" என்றுதான் கத்துவார்கள். என் வாயில் வந்தது "ஐயா!"

"ஐயா, போதும்யா!" என்று முழு வாக்கியமாகவே வந்தது. அது என் குரலே இல்லை. அப்பாவின் குரல். நான் குழந்தையாக இருக்கும்போது காதில் விழுந்தது, எங்கேயோ உள்ளே படுத்துக் கிடந்திருக்கிறது, ஒரு குதிகால் பட்டதும் எழுந்து வந்துவிட்டது. அவர் காலை எடுத்தார். பிறகு, "சரியாப் போயிடும், எழுந்திரு" என்றார். "எழுந்திருங்க" இல்லை. அவருக்கும் உள்ளே ஏதோ எழுந்து வந்திருக்கிறது.

இதில் கேவலத்திலும் கேவலம், வலி விட்டதுதான். மறுநாள் பாதியாகக் குறைந்தது, அதற்கு மறுநாள் காணோம். அது தானாகவே விடுகிற நேரம், நாலு நாள் படுக்கை போட்டால் எப்போதும் விடுவதுதான். ஆனால் அன்றைக்கு எனக்குப் புத்தி எங்கே போயிற்று? டீக்கடையில் நின்று, "அந்த மனுசன் கால்ல ஏதோ இருக்கப்பா" என்று சொன்னேன். நானே சொன்னேன். வலி இல்லாத உடம்பு கிடைத்ததும் விட்டுப்போன வேலை எல்லாவற்றையும் ஒரே நாளில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். வாய்க்காலில் ஆகாயத்தாமரை இழுத்தேன். கரையில் உடைப்பு அடைத்தேன், மண்மூட்டை தூக்கினேன். வீட்டில் கேஸ் சிலிண்டரைக்கூட ஒரு கையால் தூக்கி மனைவிக்குக் காட்டினேன். ஆறாம் நாள் காலை இடது ஷட்டரை அடைக்கப் போனேன். நாற்பதாவது சுற்றில் கீழே உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் எழவில்லை.

பதினோரு நாள் படுக்கை. சாவி எங்கே போயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை. நான் இறக்கிய ஷட்டர் மறுபடி மேலே ஏறியது, கடைமடைக்கு ஒரு முறைத் தண்ணீர் முழுதும் வராமல் போயிற்று.

ஒன்பதாவது நாள் கடைமடையிலிருந்து ஓர் அம்மா வந்தார். குத்தகைக்கு எடுத்து நேரடி விதைப்பு செய்திருந்தவர். மூன்று பஸ் மாறி என்னைத் திட்டுவதற்கென்றே வந்தார், அது முகத்தில் எழுதியிருந்தது. உள்ளே வந்ததும் நான் கிடந்த கிடையைப் பார்த்தார். நான் எழ முயன்று பாதியில் நின்றதைப் பார்த்தார். "மொளச்ச பயிரு காந்திப்போச்சுங்க" என்று மட்டும் சொன்னார். மனைவி கொடுத்த தண்ணீரைக் குடித்தார். போகும்போது எங்கள் கொல்லையில் நின்ற நொச்சியில் ரெண்டு கொத்து ஒடித்துக் கொண்டுவந்து, "இத வதக்கி ஒத்தடம் குடுங்க, கேக்கும்" என்று என் மனைவியிடம் கொடுத்தார்.

அவர் திட்டியிருக்கலாம். என்னைப் பார்த்து நாலு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கும் நாலு பதில் இருந்தது. அந்த இலையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன். அந்த அழுகையில் எனக்கு என்மேல் இருந்த வெறுப்பு, தலைமடைக்காரர்மேல் இருந்ததைவிட அதிகம்.

அதற்குப் பிறகுதான் அரசு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெண் இருந்தாள். வயது என் மகள் வயதுதான் இருக்கும். இன்னொரு வைத்தியம், இன்னொரு வாய் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் ஸ்கேன் பையைப் பிரிக்கவில்லை. என்ன வேலை, எப்படிச் செய்வீர்கள், எழுந்து செய்து காட்டுங்கள் என்றாள். கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு ஷட்டர் சுற்றுவதுபோலச் சுற்றிக் காட்டினேன். வெளியே வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"அறுபதும் ஒரே மூச்சுலயா?"

"ஆமா."

"எத்தனாவது சுத்துல வலி வரும்?"

"நாப்பதுல."

"அப்ப பதினஞ்சுல நிறுத்திடுங்க. பத்து நிமிசம் உக்காருங்க. அப்பறம் பதினஞ்சு."

"பதினஞ்சுல வலிக்காதும்மா."

"வலிக்காதப்பத்தான் நிறுத்தணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இதற்கு ஒரு படிப்பு, ஒரு வெள்ளைக் கோட்டு. "வலிக்கலைன்னா எதுக்கும்மா ஒரு மனுசன் உக்காரணும்? சோம்பேறியா நான்?" என்றேன்.

அவள் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்தாள். "நான் கீழ்வேளூர் பக்கம், கடைமடை. எங்க அப்பா வெவசாயி. தண்ணிதான் ஓடுதே, இப்ப எதுக்கு அடைக்கணும்னு தலைமடைல ஒங்கள கேப்பாங்கல்ல? என்ன பதில் சொல்லுவீங்க?"

"முறைன்னா முறைதான். ஓடுனாலும் ஓடாட்டியும், வயல் நெறஞ்சாலும் நெறையாட்டியும், நாள் வந்தா அடைக்கணும். இல்லாட்டி பின்னால இருக்கவனுக்கு என்ன மிஞ்சும்?"

"அதான். ஒங்க ஒடம்புல நீங்க தலைமடைக்காரர் மாதிரி நடந்துக்குறீங்க. நல்லா இருக்க நாள்ல மொத்தத்தையும் பாய்ச்சிடுறீங்க."

பளாரென்று அறைந்ததுபோல இருந்தது. எந்த ஆளின் பெயரைச் சொன்னால் எனக்கு வாய் கசக்குமோ, அந்த ஆளைக் கொண்டுவந்து என் முதுகுக்குள் உட்காரவைத்துவிட்டாள். கோபத்தில் எழுந்து வந்துவிடலாம் என்று பார்த்தேன். சட்டென்று எழ முடியவில்லை. அதற்குள் அவள் சொல்லி முடித்துவிட்டாள். காலையும் மாலையும் கொஞ்ச தூரம் நட, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே தூரம். குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கு. வலிக்கும்போது மூச்சைப் பிடிக்காதே. படுக்கையே கதி என்று கிடக்காதே. மாத்திரையை டாக்டரைக் கேட்டுக் குறை.

"இதெல்லாம் செஞ்சா வலி போயிடுமா?"

"முழுசாப் போயிடும்னு நான் சொல்ல மாட்டேன். வலியோட வேல பாக்கலாம். படுக்க மாட்டீங்க."

அத்தனை வருஷத்தில் போயிடும் என்று சத்தியம் செய்யாத முதல் ஆள் அவள்தான். அதற்காகவே அவளைக் கொஞ்சம் நம்பினேன்.

பதினைந்து சுற்றுக்கு மேல் சுற்றாமல் இருப்பது எவ்வளவு அவமானம் என்று சுற்றிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். உடம்பில் தெம்பு இருக்கும், ஷட்டர் பாதியில் தொங்கும், நான் மதகுக் கட்டையில் உட்கார்ந்து போனில் அலாரம் அடிக்கக் காத்திருப்பேன். போகிறவன் வருகிறவன் எல்லாம், "என்ன லஸ்கர், தவமா?" என்பான். "சம்பளம் உக்காரவா, சுத்தவா?" என்றான் ஒருவன், நூறு நாள் வேலையில் மரத்தடியில் படுத்துத் தூங்குகிறவன். மனைவி மட்டும் கேலி செய்யவில்லை என்று எழுத ஆசைதான். நான் குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கும்போது, "பாம்பு படம் எடுக்குது, பால் ஊத்தவா?" என்பாள்.

நானும் ஒழுங்காக இருந்துவிடவில்லை. நல்ல நாள் வந்தால் கை அரிக்கும். இரண்டு தடவை முப்பதுவரை போனேன், இரண்டு தடவையும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கெட்ட நாளைச் சமாளித்துவிடலாம். நல்ல நாள்தான் ஆளைக் கவிழ்க்கும். மெல்ல மெல்லத்தான் அலாரத்துக்குக் கட்டுப்பட்டேன். வலி இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் ஒரு வருஷத்தில் நான் படுக்கவில்லை. சாவி என் வீட்டு ஆணியிலேயே தொங்கியது.

மறுவருஷம் புரட்டாசி. மறுபடியும் முறை. ஆறாம் நாள் காலை இடது ஷட்டரை அடைக்கப் போனேன். பதினைந்து முடித்து உட்கார்ந்திருந்தபோது தலைமடைக்காரர் பைக்கில் வந்தார். இறங்கவில்லை, காலை ஊன்றிக்கொண்டு பார்த்தார்.

"என்ன லஸ்கர், மறுபடியும் புடிச்சுக்கிச்சா? காலைல வெறும் வயித்தோட வாங்க."

"பிடிக்கலைங்க. பத்து நிமிசம் உக்காரணும்."

"ரெண்டு நாள் கழிச்சு அடைச்சா என்ன, கொள்ளையா போயிடும்? மேட்டு வயல் இன்னும் நனையல."

"முறைங்க."

எழுந்தேன், பதினைந்து சுற்றினேன், உட்கார்ந்தேன். அவர் போகவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எழுந்தேன், பதினைந்து, உட்கார்ந்தேன். இடது வாய்க்காலில் தண்ணீர் இறங்குவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பைக்கை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். குரலைத் தணித்துக்கொண்டார். அந்தத் தணிந்த குரல் எனக்குத் தெரியும், என் அப்பாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

"அன்னிக்கு என் வாசல்ல ஐயான்னியே, மறந்துட்டியா? ஒடம்புக்கு முடியாதவன் எதுக்குக் கஷ்டப்படுற? சாவியக் குடு, மீதிய நம்ம ஆளு சுத்திக்குவான். இல்ல, நானே சுத்துறேன்."

கையை நீட்டினார். சாவி என் மடியில் குறுக்கே கிடந்தது. அலாரத்துக்கு இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது. எனக்கு அவசரமில்லை.

"நீங்க காலால பொறந்தவங்க," என்றேன். "இது கையால செய்யுற வேல."

அவர் முகம் போன போக்கை எழுதினால் எனக்குத்தான் அசிங்கம். அவ்வளவு சந்தோஷப்பட்டேன். பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். முதல் உதையில் வண்டி கிளம்பவில்லை.

அலாரம் அடித்தது. எழுந்து சாவியை மாட்டினேன். கடைசிப் பதினைந்து. திருகு கடைசியில்தான் இறுகும், ஷட்டர் அடிக்கல்லில் உட்காரும்போது முழு எடையும் இடுப்புக்கு வரும். பன்னிரண்டு, பதின்மூன்று. வலது பக்கம் தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு ஏறியது. நொச்சி ஒடித்துக் கொடுத்த அம்மாவுக்கு அது போய்ச் சேர ஒன்றரை நாள் ஆகும். பதினான்கு. பதினைந்தாவது சுற்றில், அவர் குதிகாலை ஊன்றித் திருகிய அதே இடத்தில், வலி குத்தியது. மூச்சைப் பிடிக்காதே என்று அந்தப் பெண் சொன்னது ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தேன். எந்தச் சொல் வரப்போகிறதோ என்று எனக்கே பயமாக இருந்தது.

"அம்மா" என்றுதான் வந்தது.